கோட்டாற்றுக்கு நடந்து போனால் என்ன?

(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்)

சுற்றுலாக் காலம் வந்துவிட்டால் "எங்கே போகலாம்?" என்ற கேள்வி எல்லா வகுப்புகளிலும் எழுவது வழக்கம். எங்கள் வகுப்பில் இவ்வாண்டு அது சற்று விபரீதமாகவே எழுந்தது. ஸ்பெயின் நாட்டுக்குப் போவதென்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம்!

பெற்றோர்களே, பதற வேண்டாம். காகிதத்தில்தான் போனோம். காண விரும்பும் ஒரு வரலாற்றுச் சின்னத்துக்குப் பயணத் திட்டம் எழுதி வரும்படி சமூக அறிவியல் வகுப்பில் சிஸ்டர் சொல்லியிருந்தார். தாஜ்மகால் என்றனர் சிலர். சீனப் பெருஞ்சுவர் என்றாள் ஒருத்தி. அறிவிப்புப் பலகையில் நெடுநாளாகக் குத்தியிருந்த ஒரு தபால் அட்டைதான் கடைசியில் வென்றது. இரட்டைக் கோபுரமும், பாசி படர்ந்த கருங்கல் முகப்பும், முன்னால் விரிந்த முற்றமுமாக இருந்த அந்தக் கோவில், ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள சந்தியாகோ தெ கம்போஸ்தெலா பேராலயம்.

ஒரு வாரம் முழுவதும் மதிய இடைவேளைகள் அந்தப் பயணத்திலேயே கழிந்தன. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, வளைகுடாவில் மாறி, மாட்ரிட் நகரில் இறங்கி, அங்கிருந்து ரயில். பாஸ்போர்ட், விசா, குளிருக்குக் கம்பளி ஆகியவற்றில் கருத்து வேற்றுமை எழவில்லை. வழியில் சாப்பிட என்ன கொண்டு போவது என்பதில்தான் பெரிய சண்டை மூண்டது. கட்டுச்சோறும் தேங்காய்த் துவையலும் என்று முடிவாயிற்று. அதை விமானத்தில் ஏற்றுவார்களா என்று ஒருவரும் யோசிக்கவில்லை!

அந்தக் கோவிலைப் பற்றிப் படிக்கப் படிக்க எங்கள் ஆவல் பெருகிற்று. 1075-ல் கட்டத் தொடங்கி 1211-ல் அபிஷேகம் செய்யப்பட்ட கோவில் அது. இயேசுவின் சீடரான யாகப்பரின் கல்லறை அங்கே இருப்பதாக மரபு. கூரையிலிருந்து தொங்கும் மாபெரும் தூபக் கலசத்தை எட்டுப் பேர் வடம் பிடித்து இழுக்க, அது கோவிலின் குறுக்கே ஊஞ்சலாக ஆடுமாம். இவற்றையெல்லாம்விட எங்களைக் கவர்ந்தது வேறொன்று. ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் அந்தக் கோவிலுக்கு நடந்தே போகிறார்கள். கால்நடையாக வருவோர் குறைந்தது நூறு கிலோமீட்டராவது நடந்திருந்தால்தான் சான்றிதழ். நடந்ததற்கு அடையாளமாக வழியிலுள்ள கோவில்களிலும் சத்திரங்களிலும் ஒரு சிறு புத்தகத்தில் முத்திரை குத்தி வாங்க வேண்டும். யாத்திரிகரின் சின்னம் கடற்சிப்பி. கடற்சிப்பி என்றதும் துறையிலிருந்து வரும் தோழியர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டனர். சிப்பிக்காகவா இவ்வளவு தூரம் போக வேண்டும்?

இன்னொரு வேடிக்கையும் வெளிப்பட்டது. 'சந்தியாகோ' என்றால் அவர்கள் மொழியில் 'புனித யாகப்பர்'. அப்படியானால் நம் கடற்கரை ஊர்களில் சந்தியாகு, சந்தியாகப்பர் என்று வழங்குகின்றனவே, அந்தப் பெயர்களும் அதே வேரிலிருந்து வந்தவைதாம்! எங்களில் ஒருத்தியின் தாத்தா பெயர் சந்தியாகு. பள்ளிப் பதிவேட்டில் தன் பெயரோடு ஒரு ஸ்பானியப் பேராலயத்தின் பெயரும் ஒட்டியிருப்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

திட்டத்தை அழகாக எழுதி, தலைக்கு ஆகும் செலவையும் கூட்டிப் போட்டோம். இலட்சத்தைத் தாண்டியது. சிஸ்டர் பொறுமையாகப் படித்தார். பாராட்டினார். பிறகு, "நல்லது பிள்ளைகளே, நம் கோட்டாற்றுப் பேராலயத்துக்குள் அடக்கம் செய்யப்பட்ட புனிதர் யார்?" என்று கேட்டார்.

"சவேரியார்!" என்று வகுப்பே கூவிற்று.

பின்வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல், "இல்லை சிஸ்டர், தேவசகாயம் பிள்ளை. சவேரியார் உடல் கோவாவில் இருக்கிறது" என்றது. சொன்னவள் கத்தோலிக்கப் பெண் அல்லள். அவளுடைய ஆச்சி ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் கோட்டாற்றுக்கு நேர்ச்சை வைத்துப் போகிறவர். ஆச்சியின் கைபிடித்துப் போனவள் கேட்டுத் தெரிந்துகொண்டதை, ஞானஸ்நானம் பெற்ற நாங்கள் அத்தனை பேரும் கோட்டைவிட்டோம். அன்று எங்களுக்கு ஏற்பட்ட வெட்கத்தைச் சொல்லி முடியாது.

தேவசகாயம் எங்களுக்குத் தெரியாதவரா? 2022 மே 15-ஆம் நாள் உரோமையில் போப் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது, நாங்கள் சிறுமிகளாகத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோமே! நட்டாலத்தில் 1712-ல் நீலகண்டப் பிள்ளையாகப் பிறந்ததும், மார்த்தாண்ட வர்மரிடம் பணிபுரிந்ததும், குளச்சல் போரில் தோற்றுப் பின்னர் அதே அரசரின் படைத்தலைவரான டிலனாயின் நட்பால் மனம் மாறியதும், 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றதும், 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்ததும் மறைக்கல்விப் பரீட்சைக்கு எழுதித் தள்ளியவர்கள்தாம் நாங்கள். அவர் உடல் எங்கே கொண்டுவரப்பட்டது என்ற கடைசி வரியும் பாடத்தில் இருந்தது. அதைப் படித்தோம். ஆனால் அந்தக் கல்லறையின் முன்னே ஐந்து நிமிடம் நின்றவர் யார் என்று கேட்டபோது எழுந்த கைகள் நான்கு.

இதற்குக் காரணம் என்ன? கோட்டாற்றுக்குப் போகாததா? ஆண்டுக்கொரு தரம் தவறாமல் போகிறோம். திருவிழாவுக்குப் போகிறோம். டிசம்பர் 3-ல் பள்ளிக்கூடமும் விடுமுறை. பேருந்து கொள்ளாத கூட்டத்தில் நசுங்கி இறங்கி, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, தேரையும் தேருக்குப் பின்னால் தரையில் விழுந்து கும்பிட்டு வருகிறவர்களையும் கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, வளையல் கடைக்கும் மிட்டாய்க் கடைக்கும் வந்து சேர்ந்துவிடுகிறோம். கோவிலுக்குள் நுழைந்தால் பின்னாலிருப்பவர்கள் தள்ள, முன்னாலிருப்பவர்கள் நகர, நாங்கள் மறுவாசல் வழியே வெளியே வந்து நிற்போம். திருவிழாவை நாங்கள் குறை கூறவில்லை. அந்த வளையல்கள் இல்லாவிட்டால் டிசம்பர் ஏது? ஆனால் திருவிழாவில் திருவிழாவைத்தான் பார்க்க முடியும், கோவிலைப் பார்க்க முடியாது என்பது எங்கள் கருத்து. ஸ்பெயினிலுள்ள கோவிலுக்கு ஒரு வாரம் உட்கார்ந்து திட்டம் போட்ட நாங்கள், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் கோவிலுக்கு ஒரு நாளும் திட்டம் போட்டதில்லை.

அன்று மாலையே பழைய திட்டத்தைத் திருப்பி வைத்து, அதன் பின்பக்கத்தில் புதிய திட்டம் எழுதத் தொடங்கினோம்.

எழுதும்போதுதான் ஓர் உண்மை எங்கள் மனத்தில் உறைத்தது. நாங்கள் ஸ்பெயினுக்குப் போக வழி தேடிக்கொண்டிருந்தோம். ஸ்பெயின் தேசத்தவர் ஒருவரோ நம் வாசலுக்கே வந்து போயிருக்கிறார்! இன்றைய ஸ்பெயினின் வடபகுதியான நவார் நாட்டில், சவியேர் கோட்டையில் 1506 ஏப்ரல் 7-ல் பிறந்தவர் பிரான்சிஸ் சவேரியார். தம் முப்பத்தைந்தாம் பிறந்த நாளன்று லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறி, நடுவே மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்து, 1542 மே 6-ல் கோவா சேர்ந்தார். பதின்மூன்று மாதப் பயணம். அவ்வாண்டிலேயே முத்துக்குளித்துறைக்கும் வந்துவிட்டார். வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து, ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். (அந்த ஜெபங்களைத் தமிழில் ஆக்கித் தந்த நம்மவர்களுக்கும் எங்காவது ஒரு சுரூபம் வைத்திருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.)

1544-ஆம் ஆண்டு நடந்தது ஒன்றைக் கேளுங்கள். வடுகப் படையினர் குமரிமுனைப் பக்கத்துக் கரையோர மக்களைத் தாக்கினர். மக்கள் கடலிலுள்ள பாறைகளில் ஏறி ஒளிந்து, பசியாலும் தாகத்தாலும் வாடினர். சேதி கேட்ட சவேரியார் ஜூன் மாதம் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளுடன் உதவிக்குப் புறப்பட்டார். காற்று எதிர்த்தது. நாள்கணக்கில் கடலில் போராடியும் குமரியை எட்ட முடியவில்லை. இதை வாசித்தபோது எங்களுக்கு விளங்கவில்லை. துறைத் தோழிதான் விளக்கினாள்: "ஆனி மாசக் கச்சானுக்கு எதிரே தோணி எப்படி ஓடும்? எங்க அப்பாவைக் கேட்டிருந்தா அன்னைக்கே போகாதீங்கன்னு சொல்லியிருப்பாரு!" தோணி கைவிட்டதும் சவேரியார் கரையேறி நடந்தே வந்தார். உண்ண உணவில்லாதவர்களையும், நடக்க இயலாத முதியோரையும், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மாரையும் கண்டதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அதே ஆண்டின் இறுதியில் தென் திருவிதாங்கூர்க் கடற்கரையின் மீனவ ஊர்களில் ஒவ்வொன்றாக நடந்து, ஒரு மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகவும் அவருடைய கடிதம் கூறுகிறது. எங்கள் துறைகள் அந்தக் கரையில்தான் இருக்கின்றன. படைக்கு எதிரே அவர் தன்னந்தனியாகச் சிலுவையை ஏந்தி நின்று அதைத் திருப்பி அனுப்பினார், மகிழ்ந்த அரசர் கோட்டாற்றில் கோவிலுக்கு நிலம் கொடுத்தார் என்பது பெரியவர்கள் சொல்லும் மரபு. எங்கள் வகுப்பில் அந்தக் கதைக்கு ரசிகைகள் அதிகம். ஆனால் எங்களில் சிலருக்கு, படையை நிறுத்தியவரைவிட, காற்று எதிர்த்தபோது கரையேறி நடந்தவர்தான் நெருக்கமாகத் தோன்றுகிறார்.

1600-ஆம் ஆண்டையொட்டி சேசுசபைக் குருக்கள் எழுப்பிய கோவில், தலைமுறை தலைமுறையாக விரிந்து, 1930-ல் கோட்டாறு மறைமாவட்டம் உண்டானபோது பேராலயம் ஆயிற்று. கோட்டாறு அதற்கும் முன்பே பெயர்பெற்ற ஊர். சோழர் காலத்தில் அதற்கு மும்முடிச் சோழநல்லூர் என்று பெயர். இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்க அறிஞர் தாலமி 'கொட்டியாரா' என்று குறித்த நகரம் இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. கம்போளத்தில் மிளகாய் வாங்கப் போகிற நம் அம்மாமார் எவ்வளவு பழைய தெருவில் நடக்கிறார்கள், பாருங்கள்!

இனி எங்கள் திட்டத்துக்கு வருகிறோம். தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. திருவிழா இல்லாத, கூட்டம் இல்லாத சாதாரண நாள். விடியற்காலை ஐந்து மணிக்கு இராஜாக்கமங்கலத்தில் கூடி, ஈத்தாமொழி வழியாக, தென்னந்தோப்பு நிழலிலேயே நடந்தால் வெயில் ஏறுமுன் கோட்டாற்றை அடைந்துவிடலாம். ஸ்பெயினில் நூறு கிலோமீட்டர் நடப்பார்கள். நாங்கள் கேட்பது அதில் எட்டிலொரு பங்கு. அங்கே முத்திரை வாங்குவது போல, நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போவோம். வழியிலுள்ள ஊர்களில் வயதான ஒருவரிடம் கோட்டாற்றைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரு சேதியைக் கேட்டு எழுதி, அவருடைய கையெழுத்தையோ கைநாட்டையோ வாங்கிக்கொள்வோம். கோவிலில் கல்லறையின் முன் அவரவர் விரும்பும் நேரம்வரை இருக்கலாம். யாரும் "நகரு, நகரு" என்று சொல்லக் கூடாது. திரும்பும்போது நகரப் பேருந்து. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், ஆக மொத்தச் செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பொட்டலம் கட்டுச்சோறும்தான். தேங்காய்த் துவையலை இம்முறை யாரும் தடுக்க முடியாது.

இந்தக் கடைசிக் கணக்கை நாங்கள் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறோம். எங்கள் வகுப்பில் முதலில் எழுந்த யோசனை கோவா. 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை, பத்தாண்டுக்கு ஒரு முறை நடக்கும் வழக்கப்படி, சவேரியாரின் உடல் அங்கே பொதுமக்கள் காண வைக்கப்பட்டது. எங்களில் மூன்று குடும்பத்தார் போய் வந்தனர். அவர்கள் சொன்னதைக் கேட்டு எல்லாருக்கும் ஆசை பிறந்தது. கோவா நல்ல யோசனைதான். ஆனால் பணம் கட்டும் நாள் என்று ஒன்று வரும். அந்த நாளில் என்ன நடக்கும் என்பதை நாங்கள் அறிவோம். கீழ் வகுப்புகளில் நாங்கள் போன ஒவ்வொரு சுற்றுலாவின்போதும் எங்களில் ஐந்தாறு பேருக்கு ஒரே சமயத்தில் காய்ச்சல் வந்திருக்கிறது. எட்டாம் வகுப்பில் ஒருத்திக்கு வந்த காய்ச்சலை உண்மையென்று நம்பி, நாங்கள் திரும்பி வந்ததும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனோம். அவள் வாசலில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்ப் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தாள். பழத்தை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பினோம். அதற்குப் பிறகு யாருக்குச் சுற்றுலாக் காய்ச்சல் வந்தாலும் நாங்கள் பார்க்கப் போவதில்லை.

பெற்றோர்களின் மறுப்புகளை நாங்கள் கேளாமல் இல்லை. வெயில் என்றீர்கள். அதற்காகவே ஐந்து மணி. பொதுத்தேர்வு என்றீர்கள். ஒரு சனிக்கிழமை காலையில் எங்கள் மதிப்பெண்கள் ஓடிவிடுமானால், அவை முன்பே புறப்பட்டுவிட்டன என்றுதான் பொருள். "அந்தப் பிள்ளைகளும் வருமா?" என்று சில வீடுகளில் கேட்டார்களாம். வரும், முன்வரிசையில் வரும். சிஸ்டரின் கேள்விக்குச் சரியான விடை சொன்னவள்தான் எங்கள் வழிகாட்டி என்று வகுப்பே கைதூக்கி முடிவு செய்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சொன்னது இது: "வயசுப் பிள்ளைகள் ரோட்டில் நடந்து போவதா?" இந்தக் கேள்வி உங்கள் அன்பிலிருந்து வருவது என்று அறிவோம். சாலையில் வண்டிகள் விரையும் விரைவும் அறிவோம். ஆகையால் வரிசையாக, வலப்பக்கமாக, முன்னும் பின்னும் ஆசிரியைகளும் அம்மாமாரும் வர, நடப்போம். ஆனால் ஒன்று கேட்கிறோம். பழனிக்குக் காவடியோடு நடக்கிறார்கள், வேளாங்கண்ணிக்குக் காவியுடுத்தி நடக்கிறார்கள். அந்தக் கூட்டங்களில் பெண்கள் இல்லையா? எங்கள் ஆச்சிமாரைக் கேட்டோம். "அப்போ பஸ்ஸு ஏது மக்களே? கோட்டாத்துக்கு நடந்தே போவோம், நடந்தே வருவோம். காலில் செருப்புகூடக் கிடையாது" என்றார் ஒருவர். ஆச்சி எங்கள் வயதில் நடந்தார். ஆச்சியின் மகள் பேருந்தில் போனார். பேத்தி தெருமுனைக் கடைக்குப் போகவும் தம்பி துணைக்கு வர வேண்டியிருக்கிறது. தம்பிக்கு வயது ஒன்பது!

எங்கள் வகுப்பில் எல்லாரும் ஒருமனப்பட்டுவிட்டோம் என்று சொன்னால் அது பொய். கோவாவே வேண்டும் என்போர் இன்னும் உண்டு. நடப்பது பைத்தியக்காரத்தனம் என்று முகத்துக்கு நேரே சொன்ன தோழியும் உண்டு. அவளும் வருவதாக இருக்கிறாள், கால் வலித்தால் எல்லார் முன்னிலையிலும் எங்களைத் திட்டும் உரிமையோடு. ஸ்பெயினையும் நாங்கள் கைவிடவில்லை. எங்களில் யாராவது ஒருத்தி என்றாவது அந்தப் பெரிய முற்றத்தில் நிற்பாள். நின்றால், பக்கத்தில் நிற்கும் யாத்திரிகரிடம் எங்கள் ஊரிலும் ஒரு கோவில் இருக்கிறது, நடந்து போயிருக்கிறேன் என்று சொல்வாள்.

முப்பத்தெட்டுப் பேர் கொண்ட எங்கள் வகுப்பில், இதை எழுதும் இன்றுவரை இருபத்திரண்டு வீடுகளிலிருந்து சம்மதக் கடிதம் வந்திருக்கிறது. மதர் அவர்கள் அவற்றைத் தம் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார்கள். முப்பத்தெட்டும் வந்தால்தான் அனுமதி என்று சொல்லிவிட்டார்கள். மீதிப் பதினாறு வீட்டாருக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதினோம். எட்டாம் வகுப்பில் காய்ச்சல் வந்தவளின் கடிதம், முதல் நாளே வந்து, அந்தக் கட்டில் அடியில் இருக்கிறது.